ஒன்பது கூறு, மீதி எட்டு

எங்கள் படகின் எண் 882377. எட்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தேழு. இந்த எண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாது என்று அடித்துச் சொல்வேன். மறுப்பவர்கள் ஜெகதாப்பட்டினம் துறைமுகத்துக்கு வரட்டும், நேரிலேயே பேசிக்கொள்ளலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தக் கோபம் மட்டும் இல்லாதிருந்தால் இந்தப் படகு இன்றைக்கும் கயிற்றில் கட்டிக் கிடந்திருக்கும்.

எங்கள் படகு என்று உரிமையோடு சொல்கிறேனே தவிர, அது என் தம்பியுடையது. நான் ஆலங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் அப்பா ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். மீன் வாசத்தில் வளர்ந்தோமே ஒழிய, குடும்பத்தில் யாருக்கும் படகு இருந்ததில்லை. தம்பிதான் முதல் ஆள். வளைகுடாவில் ஓர் அரபியின் படகில் பல வருடம் மீன்பிடித்தான். இனிமேல் பிடிப்பதைச் சொந்தப் படகில் பிடிப்போம் என்று ஊர் திரும்பி, பழைய விசைப்படகு ஒன்றை வாங்கி, பலகை மாற்றி, எஞ்சின் பார்த்து, தன் பெயரில் பதிவு செய்தான்.

அவன் திரும்பி வந்ததற்கு முக்கியமான காரணம் அவன் மகள். மூன்று வயதுப் பிள்ளை. அப்பா என்றால் போனுக்குள் இருக்கும் ஒரு முகம் என்றே அவள் நினைத்திருந்தாள். வந்த புதிதில் அவன் தூக்கப் போனால் அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடுவாள். அவனே பக்கத்து அறைக்குப் போய் வீடியோ காலில் கூப்பிட்டால், சிரித்துக்கொண்டு கதை கதையாய்ப் பேசுவாள். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

வருடா வருடம் கோடையில் மீன்கள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடைக்காலம் என்போம். எல்லாப் படகையும் பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, ஆள் சேர்த்து வைப்பது அப்போதுதான். தம்பிக்கு வலை இழுக்கத் தெரியும், படகு ஓட்டத் தெரியாது; ஐஸ், டீசல், ஏலம் என்று கரையில் இருந்து பார்ப்பதும் உரிமையாளர் வேலைதான். அவனுக்கும் நல்ல டிரைவர் ஒருவர் கிடைத்திருந்தார். விசைப்படகை ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் டிரைவர் என்றுதான் சொல்வோம். வலை எங்கே போட வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. அவர் ஏறினால் மற்ற ஐந்து பேரும் ஏறுவார்கள், அவர் இறங்கினால் அத்தனை பேரும் இறங்கிவிடுவார்கள்.

பதிவு எண் வந்த அன்று பெயின்டர் படகின் பக்கவாட்டில் அதை எழுதிக்கொண்டிருந்தாராம். எழுத்துகள் போக ஆறு இலக்கம். டிரைவர் பின்னால் நின்று விரலை மடக்கிக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். எட்டும் எட்டும் பதினாறு, இரண்டு பதினெட்டு, மூன்று இருபத்தொன்று, இரண்டு ஏழும் சேர்த்தால் முப்பத்தைந்து. மூன்றும் ஐந்தும் எட்டு.

"தம்பி, கூட்டுனா எட்டுல்ல வருது!" என்று அவர் சொன்னதும் பெயின்டர் தூரிகையை டப்பாவுக்குள் போட்டுவிட்டாராம்.

எங்கள் மாவட்டத்தில் மோட்டார் சைக்கிள் வாங்குபவர் மைலேஜ் கேட்பதற்கு முன்னால் கூட்டு எண் கேட்பார். எட்டு வந்தால் சனியின் எண், ஆகாது. சிம் கார்டு வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் தானே கூட்டிப் பார்த்து எட்டு வருவதை ஒதுக்கி வைத்துவிடுகிறார். இந்த எண்ணிலோ தொடக்கமே இரண்டு எட்டு, கூட்டினால் மூன்றாவது எட்டு. போதாக்குறைக்கு, முந்தைய சீசனில் கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுப் போன படகு ஒன்றின் கூட்டு எண்ணும் எட்டுதான் என்று துறைமுகத்தில் யாரோ கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பிடிபட்டால் ஆட்கள் எப்போது திரும்புவார்கள் என்று தெரியாமல் வீட்டில் அடுப்பெரியாது. அந்தப் பயத்தை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன்.

தம்பி எண்ணை மாற்றக் கேட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டர் கொடுத்த எண், மாற்ற முடியாது என்றார்கள். வேறு டிரைவர் தேடினான். நல்ல ஆட்கள் எல்லாரும் ஏற்கெனவே வேறு படகுகளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கும் எட்டு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. அப்புறம்தான் எனக்கு போன் செய்தான்.

"அக்கா, யாரும் ஏற மாட்டேங்கிறாங்க. பழைய ஏஜென்ட் திரும்பத் திரும்பக் கூப்புடுறாரு. விசா ரெடியா இருக்காம். தடை முடியிற அன்னைக்குப் படகு போச்சுன்னா சரி. போகலன்னா நான் கெளம்புறேன்க்கா. கையில ஒண்ணுமில்ல, ஒக்காந்து திங்க முடியாது."

"ஒரு கூட்டல் கணக்குக்குப் பயந்தா திரும்பவும் பாலைவனத்துக்குப் போறே?" என்று கத்தினேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமையே அறந்தாங்கி வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். சனிக்கிழமையில் சனியைப் பற்றிப் பேசப் போகிறோமே என்று தோன்றியது. தோன்றிய எரிச்சலில் இன்னும் கொஞ்சம் கோபம் ஏறியது. டிரைவர் வலை முடைந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர், குரலை உயர்த்தாதவர். அப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவது எனக்குப் பெரும் பாடு.

"அண்ணே, பிடிபட்ட மத்த படகுகளோட கூட்டு எண் என்ன? அதுல அஞ்சு இல்லையா, ஆறு இல்லையா?"

"இருக்கும் டீச்சர். அதுகளுக்கு வேற காரணம்."

"எட்டு வந்த படகு எதுவுமே நல்லா பொழைக்கலையா?"

"அதுகளுக்கு இன்னும் நேரம் வரல."

என்ன கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. தாங்க முடியாமல், "கடல்ல எட்டுக் காலோட ஒரு சீவன் நல்லாத்தானே வாழுது? அதப் புடிச்சு விக்கிறீங்கதானே?" என்றேன்.

"பேய்க்கணவாயச் சொல்றீங்களா? அதுக்கு ஏன் பேயின்னு பேரு வச்சாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் படகே ஆடியிருக்கும். முதல் சண்டையில் நான் மண்ணைக் கவ்வினேன்.

ஆலங்குடிக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த எண்ணையே முறைத்துக்கொண்டு வந்தேன். கூட்டித்தானே பயப்படுகிறார்கள், வகுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. இரண்டால் வகுபடவில்லை. மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சியது. ஏழால் வகுத்தால் ஆறு. பதினொன்றால் வகுத்தால் ஒன்றே ஒன்று. இந்தக் கழுதை எதற்கும் மசியாதோ என்று முதல்முறையாக அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஒன்றாலும் தன்னாலும் அல்லாமல் வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 882377 பகா எண்தானா என்று போனைக் கேட்டால் கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் டிரைவர் "நீங்களே வகுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்பார், கேட்கக்கூடியவர். அதனால் கையால் வகுத்தேன். எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை. 940ஐ 940ஆல் பெருக்கினால் 883600, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இந்த எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடையுமென்றால் அதில் ஒரு துண்டாவது 940க்குக் கீழே இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே உள்ள பகா எண்களைக் கொண்டு மட்டும் வகுத்தால் போதும். போதும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், வகுத்து முடிப்பதற்குள் நாக்கு தள்ளிவிட்டது.

ஸ்டாஃப் ரூமில் வகுத்தேன், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது வகுத்தேன், பரீட்சை ஹாலில் பிள்ளைகள் எழுத எழுத நானும் வகுத்தேன். 37இல் நூலிழையில் தப்பியது, ஒன்று மிஞ்சியது. 47 வந்தபோது நாற்பத்தாறு மிஞ்சியது, இன்னும் ஒன்று கூடியிருந்தால் கதை முடிந்திருக்கும். 271இல் மறுபடியும் ஒன்று. ஒவ்வொரு தடவையும் எண் தப்பித்தபோது என் பிள்ளை பாஸானதைப் போல இருந்தது. கடைசிப் பகா எண் 937. அதை வகுத்தது அடுத்த வாரம் ஜெகதாப்பட்டினம் போகும் பஸ்ஸில். 660 மிஞ்சியது.

"பகா எண்!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

பக்கத்தில் முந்திரிக்கொட்டை மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போய், "ஊருல யாருக்கும் ஏதும் ஆயிருச்சாம்மா?" என்றார்.

"இல்லங்க. ஒரு எண்ண யாராலயும் வகுக்க முடியல."

"நல்லது, நல்லது. நல்லாருக்கட்டும்," என்று சொல்லி அவர் மூட்டையைச் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

இதைவிடப் பெரிய ஆயுதம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி நேராகத் துறைமுகத்துக்குப் போனேன். ஆறு பேரும் இருந்தார்கள். இந்த எண் சாதாரணமான எண் இல்லை, இதை எவராலும் உடைக்க முடியாது, எத்தனை பங்காகப் போட்டாலும் சமமாகப் பிரியாது, அவ்வளவு உறுதி என்று முழங்கினேன்.

டிரைவர் கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்தார். "பங்கு சமமா வராதுங்கிறீங்களா?"

"வரவே வராது."

"டீச்சர், நாங்க சம்பளத்துக்குப் போறவங்க இல்ல. பங்குக்குப் போறவங்க. பங்கு சரியா வராதுன்னு படகு நெத்தியிலயே எழுதிக்கிட்டுப் போனா, உள்ளுக்குள்ளயே வெட்டுக்குத்துதான்."

மற்ற ஐந்து பேரும் ஒரே முகமாகத் தலையாட்டினார்கள். அதுவரை அந்தப் படகுக்கு ஒரு குறைதான் இருந்தது. நான் போய்ப் பேசி இரண்டாக்கிவிட்டேன். சாயங்காலத்துக்குள் எட்டும் ஆகாது, பங்கும் ஆகாது என்று துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் தம்பி பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவன் மகள் இப்போது அவனிடம் பழகிவிட்டிருந்தாள். திறந்து வைத்த சூட்கேஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நீயும் ஏறு" என்று கூப்பிட்டாள். அவன் துணியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். நான் அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். ஆத்திரமும் அழுகையும் எனக்கு எப்போதும் சேர்ந்தேதான் வரும்.

தடைக்காலம் முடிவதற்கு முந்தின நாள். மறுநாள் காலையில் படகுகள் கிளம்ப வேண்டும். எல்லாப் படகிலும் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது, டீசல் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் படகு மட்டும் வெறுமனே நின்றது. வெயில் தாழ்ந்த நேரத்தில், போவதற்கு வேறு இடம் இல்லாமல் கரையில் போய் நின்றேன். நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. டிரைவருடைய மச்சினன் அப்படி ஒரு சின்னப் படகில் போய் வந்திருந்தான். விற்பதற்கு உள்ளதை விற்றுவிட்டு, வீட்டுக்கான சாளை மீனைத் தார்ப்பாயில் கொட்டி, கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவரும் ஒத்தாசைக்கு உட்கார்ந்திருந்தார். நான்கு பேருக்கு நான்கு கூறு, படகுக்கு ஒரு கூறு. ஒவ்வொன்றாகப் போட்டு வந்து கடைசியில் மூன்று மீன் மிஞ்சியது. அதை எந்தக் கூறிலும் சேர்க்காமல் மச்சினன் ஒரு சட்டிக்குள் போட்டான். போடும்போது எல்லோர் முகத்திலும் ஒரு சந்தோஷம்.

"அது யாருக்கு?" என்று கேட்டேன்.

"மிஞ்சுனது டீச்சர். அது பொதுச் சட்டிக்கு, எல்லாருக்கும் கொழம்பு," என்றான் மச்சினன். "மிஞ்சணும். கணக்கா தீந்துபோச்சுன்னு வைங்க, அன்னைக்குச் சட்டியும் காலி, மனசும் காலி. அடுத்த தடவ கடலு கைய விரிச்சிரும்பாங்க."

ஊரில் வளர்ந்தும் இது எனக்குத் தெரியாது. ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டுக்கு மீன் கூறாகத்தான் வரும், மிஞ்சுவது வராது. மிஞ்சுவது என்றதும் என் மூளைக்குள் வகுத்தல் ஓடத் தொடங்கியது.

"அண்ணே, நம்ம படகுல வீட்டுக்குக் கொண்டுபோற கறிமீன எத்தன கூறா போடுவீங்க?"

டிரைவர் யோசிக்காமல் சொன்னார். "ஆறு பேருக்கு ஆறு. டிரைவருக்குக் கூட ஒண்ணு. படகுக்கு ரெண்டு. ஒம்பது."

ஒன்பது! ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஓர் இலக்கமாகக் கொண்டுவந்தால் கிடைப்பது வேறொன்றும் இல்லை. அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் மிஞ்சுவதுதான் அது. ஒன்பதே வந்தால் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அர்த்தம். வருடா வருடம் வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறேன், என் தொண்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"எல்லாரும் கொஞ்சம் இங்கிட்டு வாங்க," என்றேன். என் குரலுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்தார்கள். மச்சினனிடம் பத்து சாளையை எண்ணி வாங்கி டிரைவர் கையில் கொடுத்தேன். "ஒம்பது கூறு போடுங்கண்ணே."

போட்டார். ஒன்று மிஞ்சியது.

"பத்துக்கு ஒண்ணு மிஞ்சுது. அப்ப நூறு மீனுக்கு?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "பத்துப் பத்தா போட்டா ஒவ்வொரு பத்துக்கும் ஒண்ணு மிஞ்சும். அப்படிப் பத்து மிஞ்சும். அந்தப் பத்தையும் கூறு போட்டா... ஒண்ணுதான் மிஞ்சும்."

"ஆயிரத்துக்கு?"

"அதுக்கும் ஒண்ணுதான் டீச்சர். லட்சத்துக்கும் ஒண்ணுதான். விளங்கிருச்சு."

"இப்ப நம்ம எண்ண எடுத்துக்கங்க. அத்தன மீன் வலையில விழுந்துச்சுன்னு வைங்க. எட்டு லட்சத்துக்கு எட்டு மிஞ்சும். எண்பதாயிரத்துக்கு எட்டு. ரெண்டாயிரத்துக்கு ரெண்டு. முந்நூறுக்கு மூணு. எழுபதுக்கு ஏழு. கடைசி ஏழு அப்படியே ஏழு. மொத்தம் எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு," என்றது கூட்டம். அவர்கள் ஏற்கெனவே கூட்டி வைத்திருந்த கணக்குதானே!

முப்பத்தைந்து சாளையை எண்ணி வைத்தேன். டிரைவர் கூறு போட்டார். ஒன்பது கூறிலும் மும்மூன்று மீன். தார்ப்பாயின் நடுவில் எட்டு மீன் மிஞ்சிக் கிடந்தது.

சுற்றி நின்றவர்கள் குனிந்து அந்த எட்டை எண்ணினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

டிரைவர் அந்த எட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இன்னும் ஒண்ணு மிஞ்சியிருந்தா ஒம்பது ஆயிரும். கூறுக்கு ஒண்ணா போட்டுருவோம். சட்டிக்கு ஒண்ணும் இருக்காது." மெதுவாகத் தனக்குள் சொல்லிக்கொண்டார். "அப்ப ஒம்பது கூறுக்கு எட்டுக்கு மேல மிஞ்சவே முடியாது."

"முடியாது. எட்டுதான் உச்சம்."

"நம்ம படகுக்கு உச்சமா மிஞ்சுதுங்கிறீங்க."

"நான் சொல்லல. நீங்க போட்ட கூறு சொல்லுது."

இரும்பு சூடாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும் என்று மற்றதையும் எடுத்தேன். "அன்னைக்குப் பங்கு சமமா வராதுன்னு சொன்னேன்ல? அதையும் கேட்டுக்கங்க. சாதாரண எண்ணா இருந்தா ஏதாச்சும் ஒரு பங்குல கணக்கா தீந்துபோகும். இது தீராது. அஞ்சு கூறு போட்டா ரெண்டு மிஞ்சும். ஆறு போட்டா அஞ்சு மிஞ்சும். ஏழு போட்டா ஆறு மிஞ்சும். எட்டுக் கூறு போட்டாலும் ஒண்ணு மிஞ்சும். இருநூறு பேரு ஏறுனாலும் சட்டி காலியாகாது. நான் ஒவ்வொண்ணா வகுத்துப் பாத்திருக்கேன்."

"ஒரே ஆளு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அப்ப ஒண்ணும் மிஞ்சாது. அதுக்கு எந்த எண்ணும் ஒண்ணும் பண்ண முடியாது."

டிரைவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தம் ஆட்களைப் பார்த்து, "ஏய், நம்ம படகுக்கு ஐஸ் சொல்லியாச்சா? போங்கடா," என்றார். அவ்வளவுதான். ஐந்து பேரும் ஓடினார்கள். தம்பி அங்கே இல்லை. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவரை ஓடினேன். கணக்கு டீச்சர் தெருவில் ஓடுவதைப் பார்த்து ஊரே சிரித்திருக்கும், சிரிக்கட்டும்.

நான் திரும்பி வந்தபோது பக்கத்துப் படகுக்காரர் வழியை மறித்தார். அவருடைய கூட்டு எண் ஒன்பது. அந்தப் பெருமையில் இத்தனை நாளும் எங்கள் படகைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்.

"டீச்சர், எனக்கு எவ்வளவு மிஞ்சும்?"

"ஒம்பது கூறு போட்டா ஒங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாதுங்க."

மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு ஆனந்தம். ஆனாலும் மறுநாள் கடலுக்குப் போகிற படகு. "ஒங்க படகுல எத்தன கூறு?" என்று கேட்டேன். எட்டு என்றார். வகுத்துப் பார்த்து, "அஞ்சு மிஞ்சுது, கவலப்படாதீங்க," என்று அனுப்பி வைத்தேன். அதற்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

ஒரு மூடநம்பிக்கையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிட்டாய் என்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் குறை சொல்கிறார். நான் அன்று சொன்னதில் எந்த வரியை வேண்டுமானாலும் பரீட்சைத் தாளில் எழுதட்டும், முழு மதிப்பெண் கிடைக்கும். அதில் மகிழ்ச்சி கண்டது படகுக்காரர்கள் விருப்பம், எனக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை.

அந்த எண்ணையும் நான் அதோடு விட்டுவிடவில்லை. பிற்பாடு கண்டுபிடித்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 451ஐ 451ஆல் பெருக்கி, 824ஐ 824ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் சரியாக 882377 வருகிறது. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக அதை எழுத இந்த ஒரே வழிதான் உண்டு, வேறு ஜோடி கிடையாது. அதைத் தேடிப் பிடித்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களை வரிசையாக எண்ணிக்கொண்டு போனால், 882377 சரியாக எழுபதாயிரமாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அட்டவணையில் இதைப் பார்த்தபோது இப்படி ஒரு எண்ணை ஆகாது என்றார்களே என்று மறுபடியும் கோபம் வந்தது.

மறுநாள் காலை துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. தேங்காய் உடைக்கிறவர்கள், எலுமிச்சம்பழம் வெட்டுகிறவர்கள், ஆரத்தித் தட்டோடு நிற்கும் பெண்கள், ஹாரன் சத்தம். எங்கள் டிரைவர் ஏறுவதற்கு முன்னால் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணின்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு ஏறினார். மற்ற ஐந்து பேரும் அப்படியே செய்தார்கள். முந்தின ராத்திரிதான் பெயின்டர் வந்து எண்ணுக்கு மறுபூச்சு கொடுத்திருந்தார், ஒருவர் கையில் நீலம் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் துடைக்கவில்லை.

எஞ்சின் உயிர் பெற்றது. கயிற்றை அவிழ்த்தார்கள். படகு பின்வாங்கி, திரும்பி, முகத்துவாரத்தைப் பார்த்து நகர்ந்தது. தம்பி மகளைத் தோளில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். "போகுது அத்தே, போகுது!" என்று அவள் என் தலையைத் தட்டினாள். நான் கூட்டத்தோடு சேர்ந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இவ்வளவு பெரிய சந்தோஷத்தை நான் அதற்கு முன் அடைந்ததில்லை.

அப்போது தம்பியின் போன் அடித்தது. ஏஜென்ட். தம்பி ஒரு கையால் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் காதில் வைத்தான். இரைச்சலில் அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. தம்பி சொன்னது மட்டும் கேட்டது.

"இல்லண்ணே, அந்த விசாவ வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. என் படகு கடலுக்குப் போயிருக்கு. அது திரும்பி வர்றப்ப நான் கரையில நிக்கணும்."